குதிரை வளர்ப்பும் வரிக் கழிவும்

பிள்ளை சவாரி வகுப்பில் சேர்கிறது. கொஞ்ச நாளில் சொந்தக் குதிரை வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. குதிரை வந்ததும் லாய வாடகை, தீவனம், லாடம், கால்நடை மருத்துவர், பயிற்சியாளர், போட்டிக்குக் கொண்டுபோகும் டிரெய்லர் என்று செலவு மாதாமாதம் ஏறுகிறது. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் வந்து, "ஒரு எல்எல்சி ஆரம்பிச்சிடுங்க சார், எல்லாத்தையும் வரியில கழிச்சுக்கலாம்" என்று சொல்வார். அமெரிக்காவில் மருத்துவராகவோ மென்பொருள் நிறுவன அதிகாரியாகவோ உயர்ந்த வருமான அடுக்கில் இருப்பவர்களின் காதில் இந்த யோசனை விழ வாய்ப்பு அதிகம். அதை ஏற்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை இந்த அத்தியாயத்தில் உள்ளன.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிரைத் தொழில் உண்மையான தொழில். அதை உண்மையாக நடத்துபவருக்குச் சட்டம் தரும் கழிவு நியாயமானது. ஆனால் குடும்பத்தின் பொழுதுபோக்கைத் தொழில் என்று எழுதிக் கழிப்பவர், தன் செலவில் ஒரு பங்கை மற்ற வரிசெலுத்துவோர் தலையில் சுமத்துகிறார். மகளின் பரதநாட்டிய வகுப்புக்கும் அரங்கேற்றத்துக்கும் பல ஆயிரம் டாலர் செலவழிக்கும் ஒரு செவிலியர் அதில் ஒரு டாலரைக்கூட வரியில் கழிக்க முடியாது. குதிரை வைத்திருப்பவருக்கு மட்டும் வேறு நீதி இருக்கக் கூடாது.

சட்டம் கேட்கும் கேள்வி

அமெரிக்க உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 183-ஆம் பிரிவுதான் இந்த விஷயத்தின் மையம். லாப நோக்கில் நடத்தப்படாத செயலில் வரும் நஷ்டத்தைச் சம்பளம், வட்டி போன்ற பிற வருமானத்தில் கழிக்க முடியாது என்கிறது அது. எனவே கேள்வி ஒன்றுதான்: இதில் லாபம் சம்பாதிக்க வேண்டும் என்ற நோக்கம் உங்களுக்கு உண்மையாகவே இருக்கிறதா?

இந்தப் பிரிவுக்கு ஒரு முன்கதை உண்டு. பெரும் பணக்காரர்கள் பண்ணை, பத்திரிகை, குதிரை என்று ஆண்டுக்காண்டு நஷ்டம் காட்டி மற்ற வருமானத்துக்கு வரி கட்டாமல் தப்புவதைத் தடுக்க, 1943-ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டம் ஒரு வரம்பு வைத்தது. ஒரு தொழிலில் தொடர்ந்து 5 ஆண்டுகள் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் நஷ்டம் வந்தால், அந்த வரம்பைத் தாண்டிய பகுதியைக் கழிக்க முடியாது. நான்கு ஆண்டு நஷ்டம் காட்டி ஐந்தாம் ஆண்டு கணக்கைக் கொஞ்சம் சரிக்கட்டினால் அதிலிருந்து எளிதில் தப்பிவிடலாம். அதனால் 1969-ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் அதை நீக்கி, தொகைக்குப் பதில் நோக்கத்தைப் பார்க்கும் 183-ஆம் பிரிவைக் கொண்டுவந்தது.

ஏழில் இரண்டு

நோக்கத்தை நிரூபிப்பது கடினம் என்பதால் சட்டம் ஓர் அனுமானத்தைத் தருகிறது. பொதுவாக எந்தத் தொழிலும் தொடர்ச்சியான 5 ஆண்டுகளில் 3 ஆண்டுகள் லாபம் காட்டினால், அது லாப நோக்கில் நடப்பதாகவே கொள்ளப்படும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் போகும். குதிரை இனவிருத்தி, பயிற்சி, கண்காட்சிப் போட்டி, பந்தயம் ஆகியவற்றுக்கு மட்டும் 7 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் லாபம் காட்டினால் போதும். 1986-இல் மற்றத் தொழில்களுக்கான அளவுகோலை 5-இல் 2 என்பதிலிருந்து 5-இல் 3 ஆக இறுக்கியபோதும் குதிரைக்கான சலுகையில் கைவைக்கவில்லை.

இந்தச் சலுகைக்குக் காரணம் இருக்கிறது. பெட்டைக் குதிரை சினைப்பட்டு ஈனுவதற்கு ஏறக்குறைய 11 மாதம் ஆகும். தரோபிரெட் வகைக் குட்டி பந்தயத்தில் இறங்கக் குறைந்தது 2 வயதாக வேண்டும். புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி 3 வயதுக் குதிரைகளுக்கான பந்தயம். நடை அழகைப் பார்க்கும் டிரஸாஜ் போட்டியில் உச்சத்தைத் தொட இன்னும் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். இன்று முதலீடு செய்தவர் கையில் முதல் வருமானம் வருவதற்குள் பல ஆண்டுகள் போய்விடும்.

இந்த அனுமானத்தைப் பற்றி மூன்று விஷயங்களை நினைவில் வைக்கவும்.

1. இது தொடக்கத்திலிருந்தே தானாகக் கிடைப்பதில்லை. இரண்டாவது லாப ஆண்டு வந்த பிறகே அந்த ஏழாண்டுக் காலத்தின் மிச்ச ஆண்டுகளுக்குப் பொருந்தும்.

2. இதை எட்டாவிட்டால் தோல்வி என்று பொருளில்லை. அனுமானத்தின் துணையின்றி உங்கள் லாப நோக்கத்தை நீங்களே நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்.

3. படிவம் 5213-ஐத் தாக்கல் செய்து, ஏழாண்டுக் காலம் முடியும்வரை முடிவைத் தள்ளிவைக்கும்படி கேட்கலாம். ஆனால் அதைத் தந்தால், அந்த ஆண்டுகளின் கணக்கைத் துறை திறந்து பார்ப்பதற்கான காலக்கெடுவும் நீளும். "என் கணக்கில் சந்தேகத்துக்கு இடமுண்டு" என்று நீங்களே சொல்வதுபோலவும் ஆகும். சிபிஏவிடம் கலந்து பேசாமல் இந்தப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்.

ஒன்பது அளவுகோல்கள்

அனுமானம் கிடைக்காதபோது, கருவூலத் துறை விதிமுறைகளில் உள்ள ஒன்பது அம்சங்களை வைத்து அதிகாரியும் நீதிமன்றமும் முடிவெடுப்பார்கள்: தொழிலை நடத்தும் முறை; உங்களுடைய அல்லது உங்கள் ஆலோசகர்களின் நிபுணத்துவம்; செலவிடும் நேரமும் உழைப்பும்; குதிரை, நிலம் போன்ற சொத்துகளின் மதிப்பு உயரும் என்ற எதிர்பார்ப்பு; இதற்கு முன் வேறு தொழில்களில் பெற்ற வெற்றி; லாப நஷ்ட வரலாறு; எப்போதாவது வந்த லாபத்தின் அளவு; உங்கள் பொருளாதார நிலை; இதில் உங்களுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி. இவற்றில் எந்த ஒன்றும் தனியாகத் தீர்ப்பளிப்பதில்லை. எத்தனை சாதகம், எத்தனை பாதகம் என்று எண்ணியும் முடிவெடுப்பதில்லை.

மகிழ்ச்சியோடு தொழில் செய்வது குற்றமல்ல. குதிரையை நேசிப்பவரே குதிரைத் தொழிலுக்கு வருவார் என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். ஆனால் பெரிய சம்பளம் வேறொரு வேலையிலிருந்து வருகிறது, குதிரை நஷ்டம் அந்தச் சம்பளத்தின் வரியைக் குறைக்கிறது, குடும்பமே வார இறுதியில் சவாரி போகிறது என்ற மூன்றும் சேர்ந்தால், மற்ற அம்சங்களில் நீங்கள் மிகவும் வலுவாக இருக்க வேண்டும்.

நடத்தும் முறைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. முழுக்க உங்கள் கையில் இருப்பதும் அதுதான். 1979-இல் அமெரிக்க வரி நீதிமன்றம் இரண்டு குதிரை வழக்குகளில் எதிரெதிராகத் தீர்ப்பளித்தது. ஒன்றில் பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவரும் அவர் மனைவியும் சேடில்பிரெட் வகைக் குதிரைகளை வளர்த்தார்கள். ஆண்டுக்காண்டு நஷ்டம். ஆனாலும் நிபுணர்களைக் கேட்டு நடந்தார்கள், ஒழுங்காகக் கணக்கு வைத்தார்கள், லாயத்தின் கடினமான வேலைகளைத் தாங்களே செய்தார்கள். அந்த வகைக் குதிரை இனவிருத்தி தொழிலாகக் காலூன்ற 5 முதல் 10 ஆண்டுகள் ஆகும் என்பதை நீதிமன்றம் ஏற்றது, தம்பதி வென்றார்கள். மற்றொன்று அரேபியக் குதிரை வளர்த்தவரின் வழக்கு. அவரிடமும் கணக்குப் புத்தகங்கள் இருந்தன. ஆனால் செலவைக் குறைக்கவோ லாபத்தைக் கூட்டவோ அந்தக் கணக்குகள் பயன்பட்டதாகத் தெரியவில்லை என்றது நீதிமன்றம். அவர் தோற்றார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவு. ரசீதுகளைக் கோப்பில் அடுக்கி வைத்தால் மட்டும் அது தொழிலாகிவிடாது. அந்தக் கணக்கைப் பார்த்து நீங்கள் முடிவை மாற்றியிருக்க வேண்டும். எந்தக் குதிரை பணத்தை விழுங்குகிறது என்று கண்டு விற்றிருக்க வேண்டும். சரிவராத பயிற்சியாளரை மாற்றியிருக்க வேண்டும். அப்படி மாற்றியதற்கான தடயம் காகிதத்தில் இருக்க வேண்டும். அதோடு, லாபம் என்றால் ஓராண்டில் தற்செயலாக வரும் சிறு உபரி அல்ல. முந்தைய ஆண்டுகளின் நஷ்டத்தையும் ஈடுகட்டி மொத்தத்தில் மிஞ்ச வேண்டும் என்பதையும் நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

எண்களைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு குடும்பம் கூட்டாட்சி வரியின் உச்ச விகிதமான 37 சதவீத அடுக்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாநில வரியை இங்கே சேர்க்கவில்லை. குதிரைக்கு ஆண்டுச் செலவு 90,000 டாலர். பரிசுப் பணமும் சவாரிக் கட்டணமுமாக வரவு 20,000 டாலர்.

தொழில் என்று ஏற்கப்பட்டு முழு நஷ்டத்தையும் கழிக்க முடிந்தால், 70,000 டாலர் நஷ்டம் 25,900 டாலர் வரியைக் குறைக்கும். அப்போதும் கையிலிருந்து போவது 44,100 டாலர். இந்த எண்ணை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். "வரியில் கழித்துக்கொள்ளலாம்" என்பது "செலவே இல்லை" என்பதல்ல. இழக்கும் ஒவ்வொரு டாலரிலும் 37 சென்ட் மட்டுமே திரும்பி வருகிறது. வரியை மிச்சப்படுத்துவதற்காகவே நஷ்டத் தொழில் தொடங்குவது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

பொழுதுபோக்கு என்று முடிவானால் நிலைமை இன்னும் மோசம். 2017-ஆம் ஆண்டின் வரிச் சட்டம், பொழுதுபோக்குச் செலவை அதன் வருமானத்தின் அளவுக்காவது கழிக்க முன்பிருந்த வழியை 2018 முதல் 2025 வரை அடைத்தது. 2025-இல் வந்த சட்டம் அந்த அடைப்பை நிரந்தரமாக்கிவிட்டது. வருமானத்துக்கோ வரி உண்டு. ஆகவே மேலே சொன்ன குடும்பம் 90,000 டாலர் செலவில் எதையும் கழிக்க முடியாமல், வந்த 20,000 டாலருக்கு 7,400 டாலர் வரியும் கட்ட வேண்டும். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

மூன்று ஆண்டுகள் தொழில் என்று காட்டிய பிறகு துறை மறுத்தால், ஆண்டுக்கு 33,300 டாலர் வீதம் 99,900 டாலர் கூடுதல் வரி வரும். கணக்கைத் தவறாகக் காட்டியதற்கு 20 சதவீத அபராதம் விதித்தால் மேலும் 19,980 டாலர். இவற்றுக்கு மேல் வட்டி.

உழைப்பு யாருடையது?

183-ஆம் பிரிவைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அடுத்து 469-ஆம் பிரிவு நிற்கிறது. தொழிலில் நீங்கள் கணிசமாகப் பங்கேற்காமல் பணம் மட்டும் போட்டிருந்தால், அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. அதே வகையான வருமானம் வரும்வரை அல்லது அந்தத் தொழிலை முழுவதுமாக விற்று வெளியேறும்வரை நஷ்டம் முடங்கிக் கிடக்கும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ரஃபால்கா என்ற குதிரை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டிரஸாஜ் போட்டியில் அமெரிக்க அணிக்காக யான் எபெலிங் அதன் மீது சவாரி செய்தார். அதன் கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் ஆன் ராம்னி. அவர் கணவர் மிட் ராம்னி அந்த ஆண்டின் குடியரசுத் தலைவர் வேட்பாளர். அவர்கள் வெளியிட்ட 2010-ஆம் ஆண்டு வரிக் கணக்கில் இந்தக் குதிரைத் தொழிலில் 77,731 டாலர் நஷ்டம் காட்டப்பட்டிருந்தது. தேர்தல் மேடையில் அது பெரிய பேச்சாயிற்று. ஆனால் முதலீட்டாளராக மட்டும் இருந்ததால் அந்த ஆண்டில் அவர்கள் உண்மையில் கழிக்க முடிந்தது மிகச் சொற்பம். காட்டிய நஷ்டம் வேறு, கழித்த நஷ்டம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இல்லை.

கணிசமான பங்கேற்பை நிரூபிக்க ஏழு வழிகள் உள்ளன. நேரான வழி, ஆண்டுக்கு 500 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வது. கணவன் மனைவி இருவரின் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். முழுநேர மருத்துவர் ஒருவர் லாயத்தில் 500 மணி நேரம் உழைப்பது சாத்தியம்தான். ஆனால் அது வாரத்துக்குப் பத்து மணி நேரம். பயிற்சியாளரிடம் குதிரையை ஒப்படைத்துவிட்டு மாதம் ஒருமுறை பார்த்துவருபவர் இதை எட்ட முடியாது.

தேய்மானத்தில் ஒரு எச்சரிக்கை

விலை கொடுத்து வாங்கிய குதிரையைத் தொழில் சொத்தாகக் கருதித் தேய்மானம் கழிக்கலாம். 2025-ஆம் ஆண்டின் சட்டப்படி, ஜனவரி 19, 2025-க்குப் பிறகு வாங்கிய தகுதியுள்ள சொத்துகளின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே கழிக்க வழி இருக்கிறது. குதிரை விற்பவர்கள் இதைத்தான் உரக்கச் சொல்வார்கள். அவர்கள் சொல்லாததும் உண்டு. தொழிலே லாப நோக்கில் இல்லை என்றால் இந்தச் சலுகை கிடையாது. குதிரையை விற்கும்போது, கழித்த தேய்மானத்தின் அளவுக்கு வரும் ஆதாயம் சாதாரண வருமானமாக வரிக்கு உட்படும். வீட்டு லாயத்தில் பிறந்து, வளர்ப்புச் செலவை அவ்வப்போது கழித்துவிட்ட குட்டிக்குத் தேய்மானம் கழிக்க விலையே இருக்காது.

முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

- குதிரை வாங்குவதற்கு முன் தொழில் திட்டத்தை எழுதுங்கள். எந்தக் குதிரை, யாருக்கு விற்பது, எந்த ஆண்டு முதல் லாபம், எவ்வளவு நஷ்டத்தோடு நிறுத்துவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஆண்டுதோறும் அதைத் திருத்தித் தேதியிடுங்கள்.

- தனி வங்கிக் கணக்கும் தனிக் கடன் அட்டையும் வையுங்கள். குடும்பச் செலவு ஒன்றுகூட அதில் கலக்க வேண்டாம்.

- ஒவ்வொரு குதிரைக்கும் தனி ஏடு வேண்டும்: வாங்கிய விலை, வம்சாவளி, தீவனம், மருத்துவம், போட்டி முடிவு, விற்க வந்த கேள்விகள்.

- குதிரைத் தொழிலில் லாபம் கண்டவரிடம் ஆலோசனை கேளுங்கள். சவாரி தெரிந்தவர் வேறு, குதிரை வியாபாரம் தெரிந்தவர் வேறு. கேட்டதையும் அதன்படி செய்ததையும் எழுதி வையுங்கள்.

- வேலை செய்த நேரத்தை அன்றன்றே குறியுங்கள். தணிக்கை அறிவிப்பு வந்த பிறகு நினைவிலிருந்து எழுதிய நாட்குறிப்புக்கு நீதிமன்றத்தில் மதிப்புக் குறைவு.

- பிள்ளை சவாரி செய்யும் குதிரையைத் தொழிலிலிருந்து பிரித்துவிடுங்கள். அதன் செலவு குடும்பச் செலவு. இதை நீங்களே பிரித்துக் காட்டினால் மற்றக் குதிரைகளைப் பற்றிய உங்கள் சொல்லுக்கும் மதிப்பு கூடும்.

- வறட்சி, நோய், தீ, காயம் போன்ற எதிர்பாராத இழப்புகளை மருத்துவர் சான்று, காப்பீட்டுக் கடிதம் ஆகியவற்றோடு பதிவுசெய்யுங்கள். இவற்றால் வந்த நஷ்டத்தை விதிமுறைகள் வேறு கண்ணோடு பார்க்கின்றன.

அடிக்கடி எழும் ஐயங்கள்

*எல்எல்சி தொடங்கினால் தொழிலாகிவிடாதா?* ஆகாது. எல்எல்சி என்பது பொறுப்பைப் பிரித்துவைக்கும் அமைப்பு. அதன் நஷ்டம் உங்கள் சொந்த வரிக் கணக்குக்கு வரும்போது 183-ஆம் பிரிவும் கூடவே வரும்.

*நிலத்தின் மதிப்பு உயர்வதை லாபமாகக் காட்டலாமா?* நிலத்தையும் குதிரையையும் ஒரே தொழிலாகக் கொள்ள முடிந்தால் உதவும். நிலத்தை வைத்திருப்பதே முதன்மை நோக்கமாக இருந்து, குதிரை வருமானம் நிலத்தின் செலவைக்கூடக் குறைக்கவில்லை என்றால் இரண்டையும் தனித்தனியாகவே பார்ப்பார்கள்.

*என் மருத்துவமனையின் விளம்பரச் செலவாகக் குதிரையைக் காட்டலாமா?* உங்கள் நோயாளிகளுக்கும் அந்தக் குதிரைப் போட்டிக்கும் தொடர்பு இருப்பதாக நிரூபிக்க முடியாவிட்டால் கூடாது. சேணத்தில் மருத்துவமனையின் பெயரைத் தைத்துவிடுவது நிரூபணம் ஆகாது.

*இந்தியாவில் பந்தயக் குதிரை வைத்திருந்தால்?* இந்தியா வேறு வழியைத் தேர்ந்தது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 74ஏ பிரிவு நோக்கத்தை ஆராயவே போகவில்லை. பந்தயக் குதிரை வைத்துப் பராமரிக்கும் தொழிலின் நஷ்டத்தை அதே தொழிலின் வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம். மிஞ்சினால் 4 ஆண்டுகள்வரை அதே தொழிலுக்காக எடுத்துச் செல்லலாம். சம்பளத்தைத் தொட முடியாது. பொழுதுபோக்கைத் தொழிலாக வேடமிடும் ஆசையை இப்படி ஒரு விதி வேரிலேயே அறுத்துவிடுகிறது. அமெரிக்கச் சட்டத்தைவிட இது நேர்மையானது என்பது என் கருத்து. ஆனால் உண்மையாகப் பாடுபடும் சிறிய வளர்ப்பாளருக்கு இது கடுமையானது என்பதையும் மறுக்க முடியாது.

முடிவெடுக்கும் முறை

படிவத்தை நிரப்புவதற்கு முன் உங்களுக்கு நீங்களே ஒரு சோதனை வையுங்கள். நாளைக்கே குதிரைக்கான எல்லா வரிக் கழிவும் ரத்தாகிவிட்டது என்று கொள்ளுங்கள். லாபம் வரும் என்ற நம்பிக்கையில் இந்தத் தொழிலைத் தொடர்வீர்களா? தொடர்வேன் என்று சொல்ல முடிந்தால், இந்த அத்தியாயத்தின் பட்டியலை முழுமையாகக் கடைப்பிடித்து, குதிரைத் தொழில் கணக்கில் பழக்கமுள்ள சிபிஏ ஒருவரை அமர்த்தி, கழிவைத் தயக்கமின்றிக் கோருங்கள். அது உங்கள் உரிமை.

பிள்ளையின் மகிழ்ச்சிக்காகத்தான் குதிரை வைத்திருக்கிறோம் என்பது பதிலானால், அதுவும் நல்ல பதில்தான். உழைத்துச் சம்பாதித்த பணத்தை விரும்பியதற்குச் செலவழிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. அந்தச் செலவை வீட்டு வரவு செலவில் எழுதுங்கள். பரிசுப் பணம் வந்தால் வருமானமாகக் காட்டுங்கள். கழிவுப் பகுதியைக் காலியாக விடுங்கள்.